ஊமத்தைச் செடியைப் பிடுங்கச் சொன்ன மகனுக்கு

எய்யா,

வாசலில் நிற்கிற ஊமத்தைச் செடியைக் கல்யாணத்துக்குள் பிடுங்கிப் போட்டுவிடு என்று, கம்பெனி வேலையாகப் போயிருக்கிற ஊரிலிருந்து நேற்று போனில் சொன்னாய். விஷச்செடி, நாலு குழந்தைகள் வந்துபோகிற நேரம், அதுவும் முதலாளி நம் வீட்டுக்கு வரும்போது வாசலில் அது நின்றால் அசிங்கம் என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டாய். நீ "சரிம்மா" என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் நிறுத்த முடியாது. படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. நாளைக்கு உன் பெண்டாட்டியாக வரப்போகிறவளுக்கும் காட்டு. இதில் நான் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளித்தவர்கள் வேறு ஆட்கள்.

குழந்தைகளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அந்தச் செடியில் முள்ளுக்காய் முற்றி வெடிப்பதற்குள் நானே கிள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் தெருவில் ஒரு பிள்ளையின் கை அதில் பட்டதில்லை. அது யாருக்காக நிற்கிறதோ அவருக்காக மட்டும்தான் நிற்கிறது. உன் முதலாளி காரில் இந்த வழியாகக் கம்பெனிக்குப் போகும்போது நம் வாசலைப் பார்க்காமல் போனதே இல்லை. நான் தண்ணீர் ஊற்றும் நேரமும் அவர் போகும் நேரமும் ஒன்றாக இருப்பதை நீ தற்செயல் என்று நினைத்திருப்பாய். நான் அவ்வளவு வெள்ளந்தி இல்லை.

உன் அப்பா கஞ்சா அடித்துவிட்டு லாரியில் விழுந்து செத்தார் என்று ஊர் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் உன்னைக் கஞ்சாக்காரன் மகன் என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வந்து கேட்டபோதெல்லாம், "உங்க அப்பா அதைக் கையால தொட்டவரில்ல மக்கா" என்று சொன்னேன். சின்ன வயதில் நம்பினாய். மீசை முளைத்ததும், எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்வாள் என்று முடிவுகட்டிவிட்டாய். போன வருஷம் இன்னும் ஒருபடி மேலே போனாய். "இப்பல்லாம் அதையும் மருந்துங்கிறாங்கம்மா, சித்த வைத்தியத்துல லேகியத்துலயே சேர்ப்பாங்க, சில நாட்டுல கடையிலயே விக்கிறாங்க, அப்பா செஞ்சதுல பெரிய தப்பு ஒண்ணுமில்ல" என்றாய். பெரிய மனதோடு உன் அப்பாவை மன்னித்தாய். எனக்கு அன்றைக்கு உன்னை ஓங்கி அறையத் தோன்றியது. செய்யாத தப்புக்கு எதற்கையா மன்னிப்பு? நீ சொன்ன சங்கதி எல்லாம் எனக்கும் தெரியும். மருந்துக்குச் சேர்ப்பதானால் அதற்கு உரிமம் உண்டு, கணக்கு உண்டு, பார்த்துக் கொடுக்க வைத்தியர் உண்டு. சும்மா ஒரு பொட்டலம் வைத்திருந்தால் இங்கே ஜெயில். உன் அப்பாவைக் கொன்ற செடிக்கு அந்த வில்லங்கம் எதுவுமே இல்லை. அது ரோட்டோரம் முளைக்கும். பிள்ளையாருக்கும் சிவனுக்கும் பூவாகப் போகும். அதைப் பறிப்பவனை எந்தப் போலீஸும் நிறுத்திக் கேட்காது.

நாங்கள் உடன்குடிப் பக்கத்திலிருந்து அருள்புரத்துக்கு வந்த புதிதில் உன் முதலாளிக்கு இந்த நாலு மாடிக் கம்பெனி கிடையாது. தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அதில் வட்டமாகச் சுற்றித் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்கள். உன் அப்பா அங்கே மெஷின் ஓட்டினார். நான் அதே ஷெட்டில் துணியை விரித்து ஓட்டை பார்க்கிற வேலை. காற்றில் எந்நேரமும் பஞ்சு பறக்கும். தலையில், புருவத்தில், சோற்றில், எல்லாவற்றிலும் பஞ்சு. ஒரு வருஷத்தில் உன் அப்பாவுக்கு இரைப்பு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு விசிலடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று லீவு கேட்பார். ஷிப்மென்ட் நேரம், மெஷினை நிறுத்தினால் ஆர்டர் போய்விடும் என்று உன் முதலாளி லீவு தரமாட்டார். தரமாட்டேன் என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லவும் மாட்டார். அவர் வாயில் தேன்தான் வடியும்.

"ஆஸ்பத்திரி எதுக்குங்க? எங்க அப்புச்சி காலத்து மருந்து இருக்குதுங்க" என்பார். காய்ந்த ஊமத்தை இலையைப் பீடியாகச் சுருட்டி ஆளுக்கொன்று கொடுப்பார். பொய் சொல்ல மாட்டேன், அது கேட்டது. அந்தப் புகை உள்ளே போனால் அடைத்த நெஞ்சு கொஞ்சம் திறக்கும். வாய் காயும், தலை லேசாகச் சுற்றும், ஆனால் மூச்சு வரும். பழைய வைத்தியத்தில் இரைப்புக்கு அது உள்ளதுதான். வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து, ஆளைப் பார்த்து, பக்கத்திலேயே இருந்து கொடுப்பார்கள். உன் முதலாளி வைத்தியர் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் நிற்கக் கூடாது என்பதுதான். பீடி குடிக்க ஆட்கள் வெளியே போய் நிற்கிற நேரம்கூட அவருக்கு உறுத்தியது. பஞ்சுக்குப் பக்கத்தில் நெருப்பும் ஆகாது. அதனால் ஒரு நாள் இலையையும் காயையும் போட்டுக் காய்ச்சிக் கசாயமாகவே கொண்டுவந்தார். உன் அப்பாவுக்குத்தான் இரைப்பு அதிகம், அதனால் அவருக்குத்தான் முதல் டம்ளர். "குடிச்சுப்போட்டு மெஷினுக்குப் போ கண்ணு, சாயங்காலத்துக்குள்ள மூச்சு சரியாயிரும்" என்று சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன். மற்றவர்களுக்கு நாளைக்குக் காய்ச்சித் தருவதாகச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்ததை ஒரு சொம்பில் ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்க என்று என் கையில் கொடுத்ததும் அவர்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உன் அப்பாவின் கை காற்றில் வேலை செய்கிறது. நூல் அறுந்தால் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போடுவார்களே, அந்தக் கைவேகம். நிட்டிங்காரர்களுக்கு அது தூக்கத்திலும் வருகிற பழக்கம். அதனால் ஷெட்டில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மெஷின் ஓடுகிறது, மனுஷன் முடிச்சுப் போடுகிறார், வேலை நடக்கிறது என்றுதான் தூரத்திலிருந்து பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. வேறு வேலை செய்கிறவராக இருந்தால் இவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று யாராவது ஓடியிருப்பார்கள். பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது, அவர் விரலில் நூலே இல்லை. "ஏட்டி, நூலு அறுந்துக்கிட்டே இருக்கு பாரு, நீயும் ஒரு முனையப் பிடி" என்றார். கண்மணி முழுக்க விரிந்து கண் கறுப்பாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, அந்த வெக்கையிலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். நான் தண்ணீரோடு திரும்புவதற்குள் அவர் அந்த இல்லாத நூலைப் பிடித்துக்கொண்டே பல்லடம் ரோட்டுக்குப் போய்விட்டார். உச்சி வெயிலில், நடு ரோட்டில், இரண்டு கையையும் தூக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். உன் அப்பாவுக்கு அது மெஷின் சத்தமாகக் கேட்டதோ என்னவோ, நகரவில்லை.

உடம்பை எடுத்துப்போகிற வண்டி வருவதற்கு முன்பே உன் முதலாளி ரோட்டில் நின்று, "கஞ்சாப் பழக்கமுங்க, எத்தனை சொல்லியும் கேக்கலீங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் முன்னாலேயே சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதே கசாயத்தைக் குடிக்கத் தயாராக நின்ற வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைப் புத்தகத்தில் படித்திருப்பாய், நான் தார் ரோட்டில் நின்று பார்த்தேன். நான் கசாயம் என்று கத்தியதைப் புருஷனை இழந்தவளின் பிதற்றல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சுடுகாட்டு வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, சொம்பில் மிச்சமிருந்த கசாயத்தில் ஒரு மடக்குக் குடித்தேன். சாவதற்கு அல்ல. என்னதான் கொடுத்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும், என் உடம்பே சாட்சி சொல்லட்டும் என்ற வெறி. நீ அதை ஒருநாளும் செய்துவிடாதே. உன் எதிரிக்குக்கூட அது வேண்டாம் என்று எழுத வந்தேன், எழுத மனம் வரவில்லை, விட்டுவிடு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் குத்தியது, கிட்டே இருக்கிற எதுவும் தெளியவில்லை. பிறகு செத்துப்போன என் அம்மா வந்து அரிசி புடைத்தாள். நான் அவளோடு பேசினேன். கஞ்சா குடித்தவனுக்குத் தான் குடித்திருப்பது தெரியுமாம். இதில் அது தெரியாது. இல்லாதது இருக்கிறது, அவ்வளவுதான். நீ அப்போது பால்பல் விழாத பிள்ளை. பசியில் என் சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறாய். "இது யார் வீட்டுப் பிள்ளை, கொண்டுபோய் விடுங்க" என்று நான் உன்னைத் தள்ளினேனாம். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாமல் போன அந்தப் பொழுதையும் உன் முதலாளியின் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்னவயது டாக்டரம்மா என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததும் ஊமத்தை என்று சொல்லிவிட்டாள். நான் தெளிந்தபிறகு உட்கார்ந்து விளக்கினாள். கஞ்சாவில் கண் சிவக்குமாம். இதில் கண்மணி விரியும், வாய் காயும், வேர்வை நின்று உடம்பு கொதிக்கும், மூத்திரம் அடைக்கும், நெஞ்சு படபடக்கும், காற்றில் எதையோ பொறுக்குகிற மாதிரி கை ஓடும். கை ஓடும் என்று அவள் சொன்னபோது நான் வாய்விட்டு அழுதேன். இதில் அளவு என்பதே பிடிபடாதாம். ஒரே செடியில் இலைக்கு ஒரு வேகம், விதைக்கு ஒரு வேகம், அடுத்த செடியில் வேறு வேகம். நேற்று கேட்டது இன்றைக்குக் கொல்லும். உன் அப்பாவுக்கும் இதுதான் என்று எழுதித் தரச் சொன்னேன். "உங்களுக்கு நடந்ததத்தாம்மா நான் எழுத முடியும், அவர் உடம்ப நான் பாக்கலியே" என்றாள். உள்ளுறுப்பைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி அன்றைக்கு யாரும் எழுதவில்லை. லாரி அடித்த கேஸ், அதற்கு எதற்குச் சோதனை? ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். அது தடை செய்த சரக்கு இல்லையேம்மா, வேலியோரம் கிடக்கிற செடிக்கு என்ன கேஸ் போடுவது என்றார்கள். செடிக்குத் தடை இல்லாவிட்டாலும், அதைக் குடிக்கக் கொடுத்து ஆளை மயக்குவது குற்றம்தான், அதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு என்று பல வருஷம் கழித்து ஒரு வக்கீல் சொன்னார். சாட்சி இருக்கிறதா என்றும் அவரே கேட்டார். அந்த ஷெட்டிலிருந்த ஒருத்தராவது எனக்காக வருவாரா? அப்போதுதான் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருப்பதை விட்டேன்.

செடியை நட்டேன்.

அது வளர்ந்து பூத்த பிறகு ஒரு நாள் உன் முதலாளி காரை நிறுத்தி இறங்கி வந்தார். "ஏனுங்க அம்மிணி, இந்தச் செடிய எதுக்குங்க வாசல்ல விட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். "இரைப்புக்கு மருந்துன்னு நீங்கதான சொன்னீய. யாருக்காவது தேவைப்படும்லா" என்றேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதிலிருந்து அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கியதில்லை. நீ டிகிரி முடித்ததும் வேலை தருகிறேன் என்று அவரே வீட்டுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் காபி கொண்டுவந்தேன். சர்க்கரை ஆகாது என்றார். சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்தேன். இன்றைக்கு விரதம் என்றார். அவர் போனதும் நீ, பெரிய மனுஷர் நம்ம வீட்டில் எல்லாம் குடிக்க மாட்டார் என்று வருத்தப்பட்டாய். அவர் கௌரவம் பார்த்துக் குடிக்காமல் போகவில்லையடா, உயிருக்குப் பயந்து குடிக்காமல் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நான் அந்தக் காபியை அவர் கார் மறைவதற்குள் வாசலில் நின்று குடித்தேன். அதைவிட ருசியான காபி நான் குடித்ததில்லை.

நீ அங்கே வேலைக்குப் போனதை நான் ஏன் தடுக்கவில்லை என்று இப்போது உனக்குக் கேட்கத் தோன்றும். உனக்கு அப்படியே உன் அப்பா முகம். அந்த முகம் தினமும் காலையில் அவர் கேபினுக்குள் போய் வணக்கம் சொல்லட்டும் என்றுதான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினேன். இப்போது அவருக்கே இரைப்பு வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் பெரிய டாக்டர், பையில் எந்நேரமும் வாயில் அடிக்கிற ஸ்பிரே. ஏன், அப்புச்சி காலத்து மருந்துக்கு என்ன ஆயிற்று? ஊரானுக்குப் பச்சிலை, தனக்கு வந்தால் ஆஸ்பத்திரி. எய்யா, இதை மட்டும் புத்திமதியாக வைத்துக்கொள். யார் எதைக் கையில் கொடுத்து இது பச்சிலைதானே, இயற்கைதானே என்றாலும், நீங்கள் முதலில் குடியுங்கள் என்று சொல். குடித்தால் பிறகு யோசிப்போம்.

இவ்வளவு வருஷம் செடிக்குத் தண்ணீர் ஊற்றி அவர் குறுகுறுப்பதைப் பார்த்தே நான் மனம் ஆறி இருந்திருப்பேன். ஆனால் உனக்குப் பெண் பார்த்தபோது அனுப்பர்பாளையத்திலிருந்து உன் மாமனார் கம்பெனியில் போய் விசாரித்திருக்கிறார். உன் முதலாளி உன்னைத் தங்கம் என்று புகழ்ந்துவிட்டு, அப்பனுக்குத்தான் கஞ்சாப் பழக்கம், ஆனால் பையனை அது அண்டவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கேட்காமலேயே சொல்லியிருக்கிறார். நிச்சயத்தன்று உன் மாமனார் என்னிடம் தனியாக வந்து, "அதெல்லாம் நாங்க மனசுல வெச்சுக்கலீங்க. அப்பன் பண்ணுனதுக்குப் பையன் என்னங்க பண்ணுவான்?" என்றார். நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே தாம்பூலம் கொடுத்தேன். உன் முதலாளி செத்தவரை இன்னொரு தடவை ரோட்டில் போட்டு அடித்திருக்கிறார். அந்த மனுஷர் முன்வரிசையில் உட்கார்ந்து உன்னை ஆசீர்வாதம் பண்ண வேண்டும், தன் காரில் உன்னை மாப்பிள்ளையாக மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்கிறாய். சரி, வரட்டும்.

நீ கேட்டபடியே இன்று காலையில் செடியைப் பிடுங்கிவிட்டேன். வேரோடு வந்தது. காய்கள் நன்றாகப் பருத்திருந்தன. எல்லாவற்றையும் எரித்துவிட்டேன், நீ பயப்படாதே. கல்யாணத்தன்று உன் முதலாளி நம் வீட்டு வாசலில் இறங்கும்போது செடி இருந்த இடத்தில் வெறும் குழிதான் இருக்கும். அது எங்கே போயிற்று என்று அவர் என்னைக் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன்.

நம் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா முதல் பந்தியில் பெரியவருக்குத் தன் கையால் பாயசம் கொடுப்பது வழக்கம். புருஷன் இல்லாதவள் கொடுக்கலாமா என்று யாராவது முனகுவார்கள், முனகட்டும். மற்ற எல்லாருக்கும் வாளியில் வரும். உன் முதலாளிக்கு மட்டும் நான் உள்ளேயிருந்து ஒரு வெள்ளி டம்ளரில் கொண்டுவருவேன். உன் மாமனார் ஒரு பக்கம், அந்தப் பழைய ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் ஒரு பக்கம், எல்லாரும் பார்க்க அவர் கையில் கொடுத்து, "குடிங்க, மூச்சுக்கு நல்லது" என்பேன். சர்க்கரை, விரதம் என்று என்ன சொன்னாலும் நான் நகரமாட்டேன். அவர் அதைக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் குடிக்க மாட்டேன் என்று அந்தச் சபையில் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த டம்ளரில் பாலும் சேமியாவும் சர்க்கரையும்தான் இருக்கும். உன் அப்பா மேல் சத்தியம். நீ யாருக்கும் காட்டாதவரை இது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். உன் முதலாளியின் மேல் இரக்கம் வந்தால் நீ முன்கூட்டியே போய், பயப்படாதீர்கள், அம்மா ஒன்றும் கலக்கவில்லை என்று சொல்லிக்கொள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேள். கஞ்சா குடித்துச் செத்தவனின் பெண்டாட்டி கொடுக்கிற பாயசத்துக்கு நீங்கள் ஏன் ஐயா பயப்படுகிறீர்கள் என்று கேள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நீ வந்து சொல்ல வேண்டாம். உன் மாமனாரிடம் சொன்னால் போதும்.

அம்மா